கைராசிக் கோப்பு

"எங்கம்மா என்னைய வையவே மாட்டேங்குதும்மா" என்றார் தவமணி.

புகார் மேசையில் இருந்த பெண்ணுக்கு இதை எந்தத் தலைப்பில் பதிவு செய்வதென்று தெரியவில்லை. குரல் தெளிவில்லை, இணைப்பு அறுகிறது, காத்திருக்கும் நேரம் அதிகம் என்று பட்டியலில் பதினெட்டுத் தலைப்புகள் இருந்தன. செத்துப்போன தாய் திட்டவில்லை என்பதற்கு இடமில்லை. எதற்கும் இடமில்லாத புகார்கள் எல்லாம் கடைசியில் மங்கையர்க்கரசியின் தலையில்தான் வந்து விடியும். அன்று காலையும் அப்படித்தான் விடிந்தது.

மறுகுரல் நிலையம் மதுரைக்கு மேற்கே, நாகமலையைப் பார்த்தபடி நிற்கும் நான்கு மாடிக் கட்டடம். சாகப்போகிறவர்களின் மனதைக் கடைசி வாரத்தில் படியெடுத்து வைத்துக்கொள்ளும் இடம். படி என்றால் புகைப்படம்போல உறைந்த ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது. உள்ளே இருப்பவர் யோசிப்பார், கோபப்படுவார், நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொல்வார். வீட்டார் வந்து கீழ்த்தளத்துச் சிற்றறை ஒன்றில் உட்கார்ந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து வந்து பேசுவார். நாலாயிரத்து இருநூறு பேர் அப்படி உள்ளே இருந்தார்கள். மங்கையர்க்கரசியின் கணவர் கதிரேசனும் அவர்களில் ஒருவர். அவள் அந்த நிலையத்தின் தொழில்நுட்பத் தலைவி, நாற்பத்தாறு வயது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பதாம் எண் அறைக்குப் போய் அவரோடு பேசுகிற வழக்கம் அவளுக்கும் உண்டு.

"எப்ப இருந்துண்ணே இப்படி?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும். முன்னாடியெல்லாம் உக்காந்ததுமே ஆரம்பிச்சிரும். 'ஏண்டா எடுபட்ட பயலே, இப்பத்தான் ஆத்தா நெனப்பு வந்துச்சா'ன்னு. சட்டை கசங்கியிருந்தா வையும். மருமக நல்லாருக்கான்னு சொன்னா அதுக்கும் வையும். இப்ப என்ன சொன்னாலும் 'நல்லாரு சாமி, நல்லாரு'ங்குது. எங்கம்மா வாயில அந்த வார்த்தையே வராதும்மா."

"குரல் மாறியிருக்கா?"

"குரல் அதேதான். ஆளுதான் வேற. நான் முப்பது வருசம் பஸ் ஓட்டுனவன், இஞ்சின் சத்தம் மாறுனா எனக்குத் தெரியாதா?"

"வயசாக வயசாக எல்லாருமே சாந்தமாயிருவாங்கண்ணே."

"செத்ததுக்கப்புறம் என்னம்மா வயசு?" என்றார் தவமணி.

அவரை நான்காம் எண் அறையில் உட்காரவைத்துக் கூப்பிடச் சொன்னாள். தன் மேசையில் அழைப்பின் தடத்தைத் திரையில் ஓடவிட்டாள். "ஒச்சம்மா" என்று அவர் தாயின் பெயரைச் சொன்னதிலிருந்து "வந்தியா சாமி" என்று பதில் வர பதினொரு நொடி ஆனது. ஒரு நொடியில் வரவேண்டிய பதில் அது. தடத்தை வரி வரியாகப் படித்தாள். ஒச்சம்மாவின் பெயருக்கு அழைப்பு இருபது முறை போயிருந்தது. இருபது முறையும் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. இருபத்தொன்றாவது முறை அது பெயரே இல்லாமல் உள்ளே போய், வேறொருவரிடம் சேர்ந்திருந்தது. அந்த வேறொருவரின் கோப்பு எண் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்.

அந்த எண்ணை நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். நிலையத்தை ஆரம்பித்த முதலாளி ஜவுளி வியாபாரத்தில் பெரிய ஆளானவர். விடிந்ததும் யார் கையால் போணி ஆகிறது என்பதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர். எழுகடல் தெருப் பாத்திரக்கடை ஒன்றில் பெயர் வெட்டிக்கொண்டிருந்த சுந்தரமகாலிங்கத்துக்குக் கைராசி என்று அந்த வட்டாரம் முழுக்கப் பேச்சு. புதுக்கடை திறந்தால் முதல் விற்பனை அவருக்குத்தான். அவர் நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்த வாரமும் நிலையத்தின் திறப்பு விழா வாரமும் ஒன்றாக அமைந்துவிட, முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு அவரையே முதல் கோப்பாக ஏற்றினார். "முதல் கோப்பை எவனும் தொடக்கூடாது" என்பது அன்றிலிருந்து சட்டம்.

இந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும், முதல் இடத்தில் ஒரு வெற்றுப்பக்கம்தான் இருக்கவேண்டும் என்று சொல்வார்கள். பெயர் தவறிய அழைப்புகள் எல்லாம் முதல் இடத்தில் இருப்பதன் மேல்தான் வந்து விழும். மங்கை வேலைக்குச் சேர்ந்த வருடம் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு அவளும் பழகிப்போனாள். புது யந்திரம் வாங்கும்போதெல்லாம் அந்தக் கோப்பைத்தான் முதலில் ஏற்றி, திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

ஆய்வாளர்களுக்கு மட்டுமான நேர்வழியில் அவரைக் கூப்பிட்டாள்.

"வா தாயி, நல்லாருக்கியா?" என்றது ஒரு குரல்.

"ஐயா, நான் வீட்டாளு இல்லை. தொழில்நுட்பப் பிரிவு மங்கையர்க்கரசி. சுந்தரமகாலிங்கம் ஐயாதானே?"



"இன்னொரு தடவை சொல்லு தாயி."

"சுந்தரமகாலிங்கம்."

"ஆங். அதான். அதேதான்" என்றார் அவர். "அந்தப் பேரைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு."

"இப்ப ஒருத்தர் வந்தாரே, தவமணின்னு..."

"பேரெல்லாம் எனக்கு வராது தாயி. அம்மான்னாரு. சரின்னு அம்மாவாயிட்டேன்."

எப்போது தொடங்கியது இது என்று கேட்டாள்.

"நாள் கணக்கு எனக்கு ஏது? ஒரு நா திடுதிப்புனு ஒரு பொண்ணு 'அப்பா'ங்குச்சு. எனக்குப் பிள்ளையே கிடையாது. 'அப்பா இல்ல தாயி, ஆளு மாறி வந்துட்ட'ன்னேன். அம்புட்டுத்தான். செத்த அப்பன் தன்னையத் தெரியலேன்னுட்டான்னு அந்தப் புள்ள அழுத அழுகையக் கேட்டிருக்கணும். மறுக்கா வந்துச்சு. 'ஆமா தாயி, அப்பாதான்'னுட்டேன். அதுலேர்ந்து யாரு என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் ஆமான்னுருவேன்."

"கண்டுபிடிக்க மாட்டாங்களாய்யா?"

"குரலை உங்க அறையே மாத்திக் குடுத்துருதுபோல. மிச்சத்தை வர்றவுகளே சொல்லிருவாக. பாத்திரத்துல பேரு வெட்டுறவன்கிட்ட பேரை மட்டுமா சொல்லுவாக? யாரு குடுக்குறா, எந்தக் கோவத்தை மறந்து குடுக்குறா, யாரு கல்யாணத்துக்கு வரல, எல்லாத்தையும் கொட்டுவாக. நம்ம ஊடால ஊடால 'நல்லாரு'ன்னாப் போதும். வையத்தான் எனக்கு வராது. கைராசிக்காரன் வையப்படாதும்பாக, அப்படியே பழகிப்போச்சு."

மங்கை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது எதனால தாயி இப்படி ஆச்சு?" என்று அவர்தான் கேட்டார்.

"இங்க ஆறு யந்திரம் இருக்குங்கய்யா. எது சும்மா இருக்குன்னு பார்த்து அழைப்பைப் பிரிச்சு அனுப்புறதுக்கு முன்னால ஒரு பெட்டி இருக்கு. லோடு பேலன்சர்னு பேரு, நாங்க வாசல்னு சொல்லுவோம். வீட்டாளுங்க பேசுறது முத்திரை வச்ச கவர்ல வரும். யாருக்குன்னு பார்க்க வாசல் அதைப் பிரிச்சுத்தான் ஆகணும். பழைய பெட்டி பிரிச்சுட்டு, 'முத்திரையோடதான் வந்துச்சு, நான்தான் பிரிச்சேன்'னு ஒரு சீட்டு எழுதி உள்ள அனுப்பும். பதினாலு மாசத்துக்கு முன்னாடி புதுப் பெட்டி மாத்தினோம். இது அந்தச் சீட்டை எழுதலை."

"எழுதலேன்னா?"

"உள்ள இருக்கிறவங்க முத்திரையில்லாம யாரோடவும் பேசக்கூடாதுன்னு விதி. அதனால 'முத்திரையோட வா'ன்னு திருப்பி அனுப்பும். வாசல் முத்திரை வச்சு, திரும்பத் தானே பிரிச்சு, திரும்ப உள்ள அனுப்பும். திரும்ப 'முத்திரையோட வா.' இருபது தடவை பார்த்துட்டு, யாராவது பதில் சொல்லுங்கன்னு பேரை எடுத்துட்டு அனுப்பிரும். பேரில்லாம வந்தா முதல் கோப்பு. உங்களை ஏத்தினப்ப முத்திரை விதியே வரலை. அதனால நீங்க கேக்குறதில்லை."

"அப்ப அவுகல்லாம் உள்ள பத்திரமாத்தானே இருக்காக?"

"இருக்காங்க."

"பதில் சொல்ல வேண்டியவுக உள்ள இருக்கையில நான் எதுக்குத் தாயி? சீக்கிரம் சரிபண்ணு. எம் பொஞ்சாதி வந்தப்ப அவளையும் 'நல்லாரு தாயி'ன்னுட்டேன். கட்டுன புருசன் தாயிங்கிறானேன்னு எந்திரிச்சுப் போனவதான். வரவே இல்ல."

இன்னொன்று கேட்க நினைத்தாள் மங்கை. வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயத்தில் இணைப்பைத் துண்டித்தாள்.

அவள் கேட்க நினைத்தது இதைத்தான். பதினைந்து வருடத்துக்கு முன் மங்கையின் அம்மா மேலூரில், மகன் வீட்டில் படுக்கையாகக் கிடந்தாள். மருமகள் சரியில்லை. அம்மாவைக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொள்ள மங்கை துடித்தாள். "இடம் எங்க இருக்கு?" என்றார் கதிரேசன். அவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். பின்னறை முழுக்கச் செம்புக்கம்பிச் சுருள்கள். அந்தச் சுருள்களுக்கு இருந்த இடம் அம்மாவுக்கு இல்லாமல் போனது. அம்மா செத்தபோது முதுகெல்லாம் புண். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அவரோடு குடும்பம் நடத்தினாள், சோறு போட்டாள், ஆஸ்பத்திரியில் கால் பிடித்துவிட்டாள். அந்த ஒன்றை மட்டும் அவள் மன்னிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. போன பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்பதாம் எண் அறையில், அவராகவே சொன்னார்: "உங்கம்மாவ நான் கூட்டிட்டு வந்திருக்கணும் மங்கை. இடமெல்லாம் இருந்துச்சு. எனக்குத்தான் மனசு இல்ல." அன்று அறையை விட்டு வெளியே வந்தவள் கேண்டீனுக்குப் போய் நான்கு புரோட்டா தின்றாள். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் இந்தப் பதினோரு மாதமாக அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

அதைச் சொன்னது பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற ஒருவரா என்பதுதான் இப்போது கேள்வி.

நிர்வாகி சத்தியசீலன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரிபண்ண எவ்வளவு நாளாகும்?"

"நாளா? ஒரே ஒரு வரி சார். சீட்டு எழுதச் சொல்லி வாசலுக்கு ஒரு வரி."

"மொத்தமா மாத்தாதீங்க. முதல்ல ஒருத்தருக்கு மட்டும் மாத்திப் பாருங்க. அந்தப் புகார்க்காரரோட அம்மாவுக்கே பாருங்க."

வாசலில் கைவைக்க இரண்டு பேர் கைரேகை வேண்டும். இருவரும் வைத்தார்கள். ஒச்சம்மாவின் பெயருக்கு மட்டும் அந்த ஒரு வரி சேர்ந்தது. மங்கை கூப்பிட்டாள். ஒரு நொடியில் பதில் வந்தது.

"இந்தா வந்துட்டேன்."

"ஒச்சம்மா ஆத்தா, நான் நிலையத்துலேர்ந்து பேசுறேன்."

"வந்துட்டேன். இந்தா வந்துட்டேன்."

"வந்துட்டீங்க ஆத்தா, உக்காருங்க. உங்க மகன் தவமணி உங்களோட பேசணுமாம்."

"தவமணியா? இந்தா வந்துட்டேன். அங்கிட்டா போகணும்? சரி, அங்கிட்டு வாரேன். கதவச் சாத்தாதீக. இந்தா, இந்தா வந்துட்டேன்."

எதைக் கேட்டாலும் அதுதான் பதில். சத்தியசீலன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என்ன ஆச்சு இவங்களுக்கு?"

"பேரைச் சொன்னதுமே எழுந்துருவாங்க சார். எழுந்து வந்த பிறகுதான் முத்திரை பார்க்குறது. இல்லேன்னதும் படுக்கவச்சிரும். உடனே திரும்ப எழுப்பும். ஒரு அழைப்புக்கு இருபது தடவை. நமக்கு அது பதினொரு நொடி. அவங்களுக்கு ஒவ்வொண்ணும் நினைவுல பதியுது. மகன் கூப்பிடுறான்னு எழுந்து ஓடி வர்றாங்க, வாசல்ல திருப்பி விடுறாங்க. பதினாலு மாசமா இதுதான் நடந்திருக்கு. மத்த நினைவையெல்லாம் இது மூடிருச்சு."

இன்னும் ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெயருக்கும் அந்த வரியைச் சேர்த்துக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பேசி முடித்ததும் எடுத்துவிட்டார்கள். கதிரேசனின் பெயரை மங்கை பட்டியலில் தாண்டிப் போனாள். தன் அப்பாவின் பெயரைச் சத்தியசீலனும் தாண்டிப் போனார். தாசில்தாராக இருந்த ஒருவர் ஒச்சம்மா சொன்னதையே ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு பெண் எதுவும் சொல்லவில்லை, ஓடிக் களைத்தவள்போல மூச்சு வாங்கினாள். கடைசியாக ஒருவர் மட்டும் தெளிவாகப் பேசினார். "யாரு? எங்க வீட்லேர்ந்தா?" என்று ஆசையாகக் கேட்டார். பதிவைப் பார்த்தார்கள். இரண்டு வருடமாக அவரைக் கூப்பிட ஒருவரும் வரவில்லை.

"யாரும் தேடாதவங்கதான் சார் நல்லா இருக்காங்க. வீட்டுல ரொம்பப் பாசமா இருந்து அடிக்கடி கூப்பிட்டாங்கள்ல, அவங்களுக்குத்தான் மிச்சம் ஒண்ணுமில்லை."

"பழைய படி எடுத்துப் போட முடியாதா?"

"முப்பது நாள் படிதான் வச்சிருக்கோம். அதுக்கு மேல வைக்கச் சட்டம் விடலை."

சத்தியசீலன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் நிர்வாகி. புகார்ப் பதிவைத் திரையில் திறந்து அவள் பக்கம் திருப்பினார்.

"வாசல் மாத்துறதுக்கு முன்னாடி மாசத்துக்கு நூத்தம்பது புகார் வரும். எங்கப்பா முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறார், எங்க மாமியார் செத்தும் குத்திக்காட்டுறாங்க. பதினாலு மாசத்துல அந்த மாதிரி இது ஒண்ணுதான் வந்திருக்கு. இதுவும் அம்மா திட்டலேன்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒச்சம்மாவுக்குப் போட்ட வரியையும் எடுத்துருங்க. இருக்கிறபடியே இருக்கட்டும் மேடம்."

"சார், அந்த மனுஷன் ஒத்தை ஆளா நாலாயிரம் பேருக்கு..."

"அவர் கைராசிக்காரர்."

"அவங்களையாவது எழுப்பாம விடலாமே சார்! இருபது தடவை அலையவிடாம, அழைப்பை நேரா முதல் கோப்புக்குத் திருப்பிவிட்டா, இவங்களாவது படுத்துக் கிடப்பாங்க."

"நாமளா எழுதித் திருப்பினா, தெரிஞ்சே ஏமாத்தினோம்னு ஆயிரும். இப்ப இருக்கிறது கோளாறு. நாம கைவச்சா அது குற்றம். நான் கைரேகை வைக்க மாட்டேன்."

அவர் கைரேகை இல்லாமல் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. ஒச்சம்மாவுக்குப் போட்ட வரியை எடுக்க மட்டும் இருவரும் கைவைத்தார்கள்.

நான்காம் எண் அறையில் தவமணி காலையிலிருந்து காத்திருந்தார். கேண்டீன் டீ இரண்டு குடித்திருந்தார். மங்கை தன் மேசைக்குப் போய், அந்த அறையின் அழைப்பு காலையில் தான் பேசிய அதே யந்திரத்துக்குப் போகும்படி கட்டிவிட்டு, சுந்தரமகாலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

"சரிபண்ணிட்டியா தாயி?"

"இல்லைங்கய்யா. முடியாது."

நடந்ததைச் சொன்னாள். மறைக்கத் தோன்றவில்லை.

"அப்ப இனிமேலும் நான்தானா?"

"நீங்கதான்."

"எம்புட்டு நாளைக்கு?"

"தெரியலைங்கய்யா. ஒரு உதவி வேணும். அந்த மனுஷனைக் கொஞ்சம் வையணும். 'எடுபட்ட பயலே'ன்னு ஆரம்பிங்க. சட்டை கசங்கியிருக்கு. ஷேவ் பண்ணலை. ஊர்ப்பட்ட வேலையை விட்டுட்டுக் காலையிலேர்ந்து இங்க உக்காந்திருக்கார்."

"வையத் தெரியாதுன்னேனே தாயி."

"எனக்காக."

அவர் வைதார். முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு எங்கிருந்தோ வேகம் பிடித்து. ஏண்டா எடுபட்ட பயலே, உனக்கு வேற வேலவெட்டியே இல்லையா, செத்தவளையும் நிம்மதியாக் கிடக்க விட மாட்டியா, எத்தனை தடவடா நான் எந்திரிச்சு வர்றது, ஒரு மனுசி எத்தனை தடவைதாண்டா எந்திரிச்சு வருவா! மங்கை காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாள்.

தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எங்காத்தா வந்துருச்சும்மா! என்ன பேச்சுப் பேசுது! நீங்க நல்லாருக்கணும்" என்று அவள் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இனிமே தெனமும் வந்துருவேன்."

"தினமும் வேணாம்ணே" என்றாள் மங்கை. "அவங்களுக்கும் ஓய்வு வேணும்ல."

"எங்காத்தாவுக்கா ஓய்வு!" என்று சிரித்துக்கொண்டே போனார். புகார் தீர்ந்தது என்று பதிவானது.

மணி மூன்றரை. இனிமேல் கேட்காமல் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை. மறுபடியும் சுந்தரமகாலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

"ஐயா, போன பங்குனியில ஒரு பொண்ணு வந்துச்சு. உங்களைப் புருஷன்னு நினைச்சுப் பேசுச்சு. அதுகிட்ட நீங்க மன்னிப்புக் கேட்டீங்களா? அதோட அம்மாவை வீட்டுல வச்சுக்காததுக்கு?"

"இல்லையே தாயி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இங்க கிடக்கிறவனுக்குக் குழப்பம் வரும், மறதி வராது. புருசனா நூறு தடவைக்கு மேல பேசியிருக்கேன். மாமியாரப் பத்தி ஒரு பேச்சும் இல்ல. மன்னிப்புன்னு நானா எப்படிக் கேப்பேன்? என்ன தப்புன்னு தெரியாம?"

ஆனால் இவர் ஆறில் ஒருவர்தான். எல்லா யந்திரத்திலும் எல்லோருடைய படியும் இருக்கிறது. மற்றவர்களின் நினைவுகள் தினமும் ஒன்றோடொன்று சேர்க்கப்படும். முதல் கோப்பைத் தொடக்கூடாது என்பதால் இவரை மட்டும் சேர்ப்பதில்லை. பதினாலு மாதமாக ஆறு சுந்தரமகாலிங்கங்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், ஆறு யந்திரங்களில் உட்கார்ந்து 'நல்லாரு' சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மங்கை மற்ற ஐந்து பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒவ்வொருவரிடமும் முதலில் அவர் பெயரைச் சொல்லவேண்டியிருந்தது. ஒருவருக்கு அதைச் சொன்ன பிறகும் நினைவுக்கு வர நேரமானது. ஐந்து பேரும் இல்லை என்றார்கள். அவர்களில் கடைசி ஆள், "மன்னிப்புக் கேக்கணும்னா, உசுரோட இருந்தப்ப படுத்துனதுக்கு நான் எம் பொஞ்சாதிகிட்டல்ல தாயி கேக்கணும்" என்றார்.

ஆறு பேரும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமையின் பதிவைத் திறந்தாள்.

மதியம் ஒன்று நாற்பது. ஒன்பதாம் எண் அறை. கதிரேசன் என்ற பெயருக்கு ஒரு அழைப்பு. திருப்பி அனுப்பியதாக ஒரு வரிகூட இல்லை. ஒரு நொடியில் பதில்.

ஏன் என்று புரிய அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. அன்று டெல்லியிலிருந்து ஆய்வுக்கு அதிகாரிகள் வந்திருந்தார்கள். அதிகாரி வருகிற நாளில் புதுப் பெட்டியை யார் நம்புவார்கள்? பழகின சாமான்தான் மானத்தைக் காப்பாற்றும் என்று, கழற்றி வைத்திருந்த பழைய பெட்டியைத் தூசி தட்டி, காலை பத்திலிருந்து மூன்று மணி வரை அதைத்தான் ஓட்டினார்கள். அதிகாரிகள் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும் புதுசை மறுபடி மாட்டினார்கள். இரண்டு முறையும் இரண்டாவது கைரேகை வைத்தது மங்கைதான்.

அப்படியானால் சொன்னது கதிரேசன்தான். அவர் வாயால்தான் சொன்னார். மங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அப்போது அன்று அவர் முதலில் சொன்ன வேறொன்று நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவளுக்கு அது ஒரு பேச்சாகவே படவில்லை.

"கொஞ்ச நாளா நீ கூப்பிடுறது கேக்குது மங்கை. எந்திரிச்சு வாசல் வரைக்கும் வாரேன். திரும்பிப் போங்கிறாய்ங்க. போறேன். திரும்பவும் நீ கூப்பிடுற. திரும்பவும் வாரேன், திரும்பவும் போங்கிறாய்ங்க. தலை சுத்துது. என்னன்னு பாரேன், உன் ஆபீஸ்தானே."

"புதுசு மாட்டியிருக்கோம்ல, கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிருங்க" என்று அவள் சொல்லியிருந்தாள். அதிகாரிகளுக்கு மதியச் சாப்பாடு வந்துவிட்டதா என்ற கவலையில் இருந்தாள்.

"நீ சொன்னாச் சரிதான்" என்றார் கதிரேசன். அதற்குப் பிறகுதான் அவள் அம்மாவைப் பற்றிப் பேசினார்.

அதுவரை வெள்ளிக்கிழமை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், அந்தச் சந்தோஷத்தில், மறுவாரத்திலிருந்து அவரை நாள் தவறாமல் கூப்பிட்டாள்.